களி தின்ற எலும்பு ஏன் முறிந்தது?

கேள்வி: என் மாமியாருக்கு 67 வயது. கார்த்திகை மாதம் ஒரு நாள் விடியற்காலை நாலரை மணிக்குப் பால் கறக்கப் போனவர், மாட்டுக் கொட்டகையில் வழுக்கி விழுந்துவிட்டார். இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. முதலில் எலும்பு கட்டுபவரிடம் கூட்டிப் போனோம். வலி குறையாததால் பதினெட்டு நாள் கழித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஆபரேஷன் முடிந்து இப்போது வாக்கர் பிடித்து நாலு அடி நடக்கிறார். அவர் சின்ன வயதிலிருந்து கேழ்வரகுக் களி தின்று வளர்ந்தவர். கேழ்வரகில் கால்சியம் அதிகம், எலும்புக்கு நல்லது என்று எங்கள் ஊர்க் கூட்டத்தில் நீங்களே சொன்னீர்கள். அப்புறம் ஏன் முறிந்தது? என் வீட்டுக்காரர் ஓசூர் கம்பெனியில் ஷிப்டு வேலைக்குப் போகிறார். மாடு, தோட்டம், பிள்ளைகள் எல்லாம் நாங்கள் இரண்டு பேரும்தான் பார்க்கிறோம். நான் வேலை வாங்கியதால்தான் அவருக்கு இப்படி ஆகிவிட்டது என்று சொந்தக்காரர்கள் பேசுகிறார்கள். உண்மையைச் சொல்லுங்கள்.

– ஒரு வாசகி, மத்தூர் ஒன்றியம்

பதில்: இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் பாதி மாமரத்துத் தத்துப்பூச்சி பற்றியும், மீதி தக்காளி பற்றியும் இருக்கும். உங்கள் கடிதம் வேறு மாதிரி. நான் மருத்துவர் இல்லை. மாமியாருக்கு என்ன மருந்து, எத்தனை நாள் என்பதை அவருக்கு ஆபரேஷன் செய்த மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும். ஆனால் கேழ்வரகைப் பற்றிச் சொன்னவள் நான். ஆகவே பதில் சொல்லும் கடமையும் எனக்கு இருக்கிறது.

சுருக்கமாக முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் வேலை வாங்கியதால் எலும்பு முறியவில்லை. கேழ்வரகும் பொய்க்கவில்லை. வயதான பெண்ணின் இடுப்பு முறிவதற்கு இரண்டு விஷயங்கள் ஒன்றுசேர வேண்டும். ஒன்று, எலும்பு பலவீனமாக இருப்பது. இன்னொன்று, கீழே விழுவது. கரையான் உள்ளே அரித்த கிளையும் காற்றும் போல. காற்று அடிக்காத வரை கிளை மரத்தில்தான் இருக்கும். வெளியே பார்த்தால் பச்சையாகவும் இருக்கும். நம் ஊரில் எல்லோரும் எலும்பைப் பற்றி மட்டும் பேசுகிறார்கள். விழுவதைப் பற்றிப் பேசுவதில்லை. இரண்டையும் பார்ப்போம்.

எந்த எலும்பு?

இடுப்பு முறிந்துவிட்டது என்று நாம் சொல்வது பெரும்பாலும் தொடை எலும்பின் மேல்முனையைத்தான். தொடை எலும்பு இடுப்புக் குழியில் பொருந்தும் இடத்துக்குக் கீழே கழுத்து மாதிரி ஒரு பகுதி இருக்கிறது. உடம்பின் பாரம் முழுவதும் அதன் வழியாகத்தான் காலுக்கு இறங்குகிறது. இளவயதில் அது முறிய வேண்டுமானால் வண்டியில் அடிபட வேண்டும், மரத்திலிருந்து விழ வேண்டும். அறுபதைத் தாண்டிய பெண்ணுக்கு நின்ற இடத்திலிருந்து பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தாலே போதும்.

கேழ்வரகு என்ன ஆயிற்று?

நூறு கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்குக் குறையாமல் கால்சியம் இருக்கிறது. அதே நூறு கிராம் அரிசியில் 10 மில்லிகிராம் அளவுதான். வளர்ந்தவர்களுக்கு ஒரு நாளைக்கு 1000 மில்லிகிராம் வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரை. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு அதைவிடவும் கூடுதலாக வேண்டும்.

இப்போது ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். மூன்று வேளையும் களியும் கூழும் இருந்த காலத்தில் மாமியாருக்குக் கேழ்வரகிலிருந்தே பெரும்பகுதி கிடைத்திருக்கும். கடந்த இருபது வருடமாக அவர் உண்மையில் என்ன சாப்பிட்டார்? நான் போகிற வீடுகளில் பார்ப்பதைச் சொல்கிறேன். காலையில் டீயும் பன்னும். மதியம் ரேஷன் அரிசிச் சோறும் ரசமும். இரவு மீந்த சோறு. களி வாரத்தில் இரண்டு நாள் வந்தால் அதிகம். கறக்கிற பால் முழுவதும் சொசைட்டிக்குப் போய்விடுகிறது. பால் கறப்பவர் குடிப்பது டீயில் விட்ட பால் மட்டும். வீட்டில் கடைசியாகச் சாப்பிடுபவரும் அவரே. பெண்பிள்ளை ஒருத்தி களி தின்று வளர்ந்தாள் என்பது உண்மையாக இருக்கலாம். அவளுடைய நாற்பதிலிருந்து அறுபது வயது வரை எலும்புக்கு என்ன போயிற்று என்பது வேறு கணக்கு.

இன்னொன்றும் உண்டு. தானியங்களில், கேழ்வரகு உட்பட, பைட்டேட் என்ற பொருள் இருக்கிறது. அது கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு குடலுக்கு விடாமல் தடுக்கும். நம் பாட்டிகள் கேழ்வரகை ஊறவைத்து முளைகட்டி அரைத்தார்கள், கூழை இரவு முழுவதும் புளிக்க வைத்தார்கள். முளைகட்டினாலும் புளிக்க வைத்தாலும் பைட்டேட் குறையும். கடையில் வாங்கிய மாவை உடனே கிண்டித் தின்றால் அந்தப் பலன் அவ்வளவு கிடைக்காது.

நமக்குப் பக்கத்திலேயே திருப்பதியில் உள்ள மருத்துவர்கள் ஆந்திரத்தின் நகரத்தாரையும் கிராமத்தாரையும் சோதித்து 2007-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கிராமத்தாரின் சாப்பாட்டில் நகரத்தாரைவிடக் கால்சியம் குறைவு, பைட்டேட் அதிகம் என்று தெரிந்தது. வெயிலில் வேலை செய்வதால் கிராமத்தாருக்கு வைட்டமின் டி கொஞ்சம் மேலாக இருந்தது. ஆனாலும் இரண்டு பக்கத்திலும் பலருக்கு அது போதவில்லை. வயலும் வெயிலும் இருந்தாலே எலும்பு கெட்டியாக இருக்கும் என்று நாம் நினைப்பது முழு உண்மை இல்லை.

வைட்டமின் டி எதற்கு என்று கேட்பீர்கள். தக்காளி போடுகிறவர்களுக்கு இது எளிதில் புரியும். காயின் அடிப்பக்கம் கறுத்து அழுகுமே, அது கால்சியம் குறைவு. மண்ணைச் சோதித்தால் சுண்ணாம்புச் சத்து போதுமான அளவு இருக்கும். ஆனால் ஒருநாள் காயவிட்டு ஒருநாள் வெள்ளமாகப் பாய்ச்சினால் அந்தச் சத்து காய்க்குப் போய்ச் சேராது. இருப்பது வேறு, சேருவது வேறு. அப்படித்தான் சாப்பாட்டில் உள்ள கால்சியம் உடம்பில் சேர வைட்டமின் டி வேண்டும். அதைத் தோல் வெயிலிலிருந்து செய்துகொள்கிறது. வயது ஏற ஏறத் தோலுக்கு அந்தத் திறன் குறைகிறது. வயலுக்குப் போவதை நிறுத்திக் கொட்டகைக்கும் அடுப்படிக்கும் நடுவே இருக்கும் பாட்டிக்கு வெயிலும் குறைந்துபோகிறது.

எலும்பை அரிப்பவை

நம் உடம்பில் எலும்பு உருவாகிக்கொண்டும் கரைந்துகொண்டும் இருக்கிறது. முப்பது வயது வாக்கில் கையிருப்பு உச்சத்தில் இருக்கும். கன்று ஈன்ற கறவைப் பசு சில நேரம் எழுந்திருக்க முடியாமல் படுத்துவிடும். கால்நடை மருத்துவர் வந்து கால்சியம் ஏற்றியதும் எழுந்து நிற்கும். பாலுக்குப் போகிற கால்சியத்தை ரத்தத்தால் ஈடுகட்ட முடியாததுதான் காரணம். பெண்ணும் பிள்ளைக்குப் பால் கொடுக்கும்போது தன் எலும்பிலிருந்து கொஞ்சம் எடுத்துத்தான் கொடுக்கிறாள். பால் மறக்கடித்த பிறகு அது பெரும்பாலும் திரும்பி வந்துவிடும். ஆகவே பிள்ளை பெற்றதால் எலும்பு போயிற்று என்று வருந்த வேண்டாம்.

பெரிய இழப்பு மாதவிடாய் நிற்கும்போது தொடங்குகிறது. எலும்பைக் காத்துவந்த ஈஸ்ட்ரோஜன் அப்போது குறைந்துவிடும். அடுத்த சில வருடங்களில் எலும்பு வேகமாகக் கரையும். ஆண்களுக்கு இப்படித் திடீர் இறக்கம் கிடையாது. அதனால்தான் இடுப்பு முறிவு பெண்களுக்கு அதிகம். நானும் அந்த வயதைத் தாண்டியவள்தான். இந்த இழப்பு வலிக்காது. முறியும் வரை எதுவும் தெரியாது.

இதற்குமேல் கீழ்க்கண்டவற்றில் எது இருந்தாலும் ஆபத்து கூடும். உங்கள் வீட்டில் யாருக்கு எத்தனை பொருந்துகிறது என்று எண்ணிப் பாருங்கள்.

• நாற்பத்தைந்து வயதுக்கு முன்பே மாதவிடாய் நின்றவர்கள். கர்ப்பப்பையுடன் சினைப்பைகளையும் எடுத்துவிட்டால் அன்றே மாதவிடாய் நின்ற மாதிரிதான். யாராவது கர்ப்பப்பையை எடுக்கச் சொன்னால், வேறு வழி உண்டா, சினைப்பையை விட்டுவைக்க முடியுமா என்று கேட்டுவிட்டு, இன்னொரு மருத்துவரிடமும் காட்டிவிட்டு முடிவு செய்யுங்கள்.

• ஒல்லியான உடம்பு. எடை குறைந்தவருக்கு எலும்பும் மெலிந்திருக்கும், விழும்போது இடுப்பைத் தாங்கச் சதையும் இருக்காது.

• ஏற்கெனவே லேசாக விழுந்து மணிக்கட்டு முறிந்தவர்கள், உயரம் குறைந்து முதுகு கூன் விழுந்தவர்கள். இது எலும்பு கொடுக்கும் முதல் எச்சரிக்கை.

• தாய்க்கோ தந்தைக்கோ இடுப்பு முறிந்திருந்தால் பிள்ளைகளுக்கும் வாய்ப்பு அதிகம். உங்கள் நாத்தனார்களிடம் இதைச் சொல்லுங்கள்.

• ஆஸ்துமாவுக்கோ மூட்டுவலிக்கோ ஸ்டீராய்டு மாத்திரை பல மாதம் சாப்பிடுபவர்கள். மருத்துவர் சீட்டு இல்லாமல் வாங்கும் மூட்டுவலி மருந்துகளில் ஸ்டீராய்டு இருக்கக்கூடும். ஆனால் இதை நீண்டநாள் சாப்பிட்டவர்கள் தாங்களாகத் திடீரென்று நிறுத்தக் கூடாது. மருத்துவரிடம் காட்டிப் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

• சர்க்கரை நோய், தைராய்டு கோளாறு, பீடி, சாராயம்.

வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுகிறேனே, அது கால்சியம்தானே என்று ஒரு பாட்டி என்னிடம் கேட்டார். அதில் கொஞ்சம் கால்சியம் இருப்பது உண்மைதான். கூடவே போகிற பாக்கும் புகையிலையும் வாயில் புற்றுநோய் கொண்டுவரும். எலும்புக்கு அது வழியல்ல.

நம் தண்ணீர்

மற்ற ஊர்க்காரர்கள் பலருக்கு இல்லாத ஒரு தொல்லை கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டங்களுக்கு உண்டு. நம் நிலத்தடிப் பாறைகளிலிருந்து ஃபுளோரைடு தண்ணீரில் கரைகிறது. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம். வேறு தண்ணீரே இல்லையென்றால் 1.5 வரை. இது இந்தியத் தர நிர்ணயம். நம் பகுதிப் போர் தண்ணீர் பல இடங்களில் இதைத் தாண்டியது.

இந்த நோயை நம் நாட்டில் முதலில் கண்டுகொண்டவர்கள் விவசாயிகள் என்று சொன்னால் நம்புவீர்களா? அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர்ப் பக்கத்தில் உழவு மாடுகள் மூட்டு விறைத்து நடக்க முடியாமல் நின்றதை அவர்கள்தான் கவனித்தார்கள். அப்புறம் அதே விறைப்பு மனிதர்களுக்கும் இருப்பது தெரிந்தது. கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டைச் சேர்ந்த ஷார்ட் என்ற மருத்துவரும் அவருடன் இருந்தவர்களும் 1937-ல் அதை ஃபுளோரைடு நோய் என்று எழுதினார்கள். பல்லில் பழுப்புக் கறை, கழுத்தும் முதுகும் விறைப்பது, மூட்டுவலி ஆகியவை அதன் அடையாளங்கள்.

இதில் ஏமாற்றும் விஷயம் ஒன்று உண்டு. ஃபுளோரைடு ஏறிய எலும்பு எக்ஸ்ரேயில் அடர்த்தியாகத் தெரியலாம். ஆனால் அது கெட்டியான எலும்பு இல்லை, நொறுங்கும் எலும்பு. அமெரிக்காவில் மேயோ கிளினிக் மருத்துவர்கள் மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ஃபுளோரைடையே மருந்தாகக் கொடுத்துப் பார்த்து 1990-ல் முடிவை வெளியிட்டார்கள். முதுகெலும்பின் அடர்த்தி கூடியது. ஆனால் முதுகெலும்பு முறிவு குறையவில்லை, கைகால் எலும்பு முறிவுகள் அதிகமாயின. அளவுக்கு மீறி யூரியா போட்ட நெற்பயிர் கரும்பச்சையாக வளர்ந்து நின்று, ஒரு காற்றில் சாய்ந்துவிடுவதை நாம் பார்த்திருக்கிறோம். தோற்றம் வேறு, உறுதி வேறு.

இதற்காகத்தான் ஜப்பான் நாட்டுக் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. 2013-லிருந்து காவிரித் தண்ணீர் நம் இரண்டு மாவட்டங்களுக்கும் வருகிறது. ஆனால் வீடுகளில் என்ன நடக்கிறது? குடிக்க மட்டும் ஒகேனக்கல் தண்ணீர், சமைக்கப் போர் தண்ணீர். களியும் கஞ்சியும் பருப்பும் எவ்வளவு தண்ணீரைக் குடிக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அந்தத் தண்ணீர் வயிற்றுக்குத்தான் போகிறது. ஆகவே குடிக்க, சமைக்க இரண்டுக்கும் ஒகேனக்கல் தண்ணீரைப் பிடித்து வையுங்கள். துணி துவைக்க, பாத்திரம் கழுவப் போர் தண்ணீர் இருக்கட்டும்.

விழாமல் இருப்பது

எலும்பை ஒரு வாரத்தில் கெட்டியாக்க முடியாது. ஆனால் விழுகிற இடத்தை ஒரு வாரத்தில் சரிசெய்யலாம். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் செய்வதாக இருந்தால் இதைச் செய்யுங்கள்.

நம் வீடுகளில் பாட்டிகள் எங்கே விழுகிறார்கள்? விடியுமுன் இருட்டில், மூத்திரமும் பாசியும் படிந்த கொட்டகைத் தரையில். கன்று இழுத்த கயிற்றில் கால் சிக்கி. இரவில் வெளியே இருக்கும் கழிப்பறைக்குப் போகும்போது. தோட்டத்தில் சொட்டுநீர்க் குழாய் தடுக்கி. மகன் சம்பாதித்துக் கட்டிய புதுவீட்டின் வழவழப்பான டைல்ஸ் தரையில். சிப்காட் சம்பளத்தில் வீடு அழகாகிவிட்டது. ஆனால் மண் தரையில் அறுபது வருடம் நடந்த கால்களுக்கு ஈரமான டைல்ஸ் பழக்கமில்லை.

• கொட்டகையிலும் கழிப்பறை வழியிலும் ஆளுக்கொரு எல்.இ.டி. விளக்கு போடுங்கள். சுவிட்ச் வீட்டுக்குள்ளேயே, கதவருகில் இருக்கட்டும்.

• கொட்டகைத் தரையை வழவழப்பாகப் பூச வேண்டாம். சிமெண்ட் ஈரமாக இருக்கும்போதே துடைப்பத்தால் கீறல் போட்டு, மூத்திர வடிகால் பக்கம் சரிவு கொடுங்கள். பழைய தரையாக இருந்தால் பாசியைத் தேய்த்துக் கழுவுங்கள். மாடு வழுக்கக் கூடாது என்று ரப்பர் பாய் வாங்குகிறோம். கறக்க உட்காரும் இடத்துக்கும் ஒரு துண்டு போடுங்கள்.

• மாட்டைக் கட்டி, தீவனம் வைத்த பிறகு கறக்கப் போகட்டும். கன்றை அவிழ்த்துப் பிடிக்கும் வேலையை வயதானவருக்குக் கொடுக்காதீர்கள். பல விழுதல்கள் அந்த ஒரு கயிற்றில்தான்.

• கழிப்பறையிலும் குளிக்கும் இடத்திலும் சுவரில் ஒரு ஜி.ஐ. பைப்பைக் கைப்பிடியாகப் பொருத்துங்கள். கொத்தனாருக்கு அரை நாள் வேலை.

• தேய்ந்த ரப்பர் செருப்பைத் தூக்கி எறியுங்கள். பின்பக்கம் வார் வைத்த, அடிப்பகுதி பிடிப்புள்ள செருப்பு வாங்கிக் கொடுங்கள்.

• கண்ணில் புரை இருக்கிறதா என்று பாருங்கள். வாசற்படி தெரியாமல் விழுபவர்கள் பலர்.

• ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்கள் படுக்கையிலிருந்து சட்டென்று எழக் கூடாது. ஒரு நிமிடம் உட்கார்ந்து, பிறகு எழ வேண்டும். மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் நம் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. மாத்திரை கொடுக்க வரும் ஊழியரிடம் தலைசுற்றல் இருந்தால் சொல்லுங்கள். உடற்பயிற்சி சிகிச்சையும் அந்தத் திட்டத்தில் வீட்டுக்கே வருகிறது. மாமியாருக்காகக் கேளுங்கள்.

அந்தப் பதினெட்டு நாள்

இதைச் சொல்லாமல் விட்டால் பதில் முழுமையாகாது. விழுந்த பிறகு எழ முடியவில்லை, தொடை இடுக்கில் வலி, ஒரு கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பிக் கிடக்கிறது என்றால் அது பெரும்பாலும் இடுப்பு முறிவு. நீவிவிடக் கூடாது, இழுக்கக் கூடாது, எழுப்பி நடக்க வைத்துப் பார்க்கக் கூடாது. கிடந்த நிலையிலேயே இரண்டு கால்களுக்கும் இடையில் தலையணை வைத்து, அசையாமல் பார்த்துக்கொண்டு 108-க்குப் போன் செய்யுங்கள். சிலருக்கு முறிந்த எலும்பு ஒன்றுக்குள் ஒன்று சொருகி நிற்பதால் வலியோடு நடக்கவும் முடியும். நடக்கிறாரே என்று விட்டுவிடாமல் எக்ஸ்ரே எடுங்கள்.

கை முறிவுக்கும் இதற்கும் வித்தியாசம் உண்டு. கையில் கட்டுப்போட்டுத் தொங்கவிட்டு ஆள் நடமாடலாம். இடுப்பில் கட்டுப்போட்டால் படுக்கைதான். வயதானவர் வாரக்கணக்கில் படுத்தால் புண், நுரையீரலில் சளி, காலில் ரத்தக்கட்டு என்று ஒவ்வொன்றாக வரும். தொடை எலும்பின் கழுத்துக்குப் போகும் ரத்தக்குழாய்களும் முறிவில் அறுந்துபோவதால், அது தானாகக் கூடுவதும் கடினம். முடிந்தவரை 48 மணி நேரத்துக்குள் ஆபரேஷன் செய்வது நல்லது என்பது மருத்துவர்களின் கருத்து. செய்துவிட்டால் அடுத்த ஓரிரு நாளிலேயே நிற்க வைத்துவிடுவார்கள். உலக அளவில் இடுப்பு முறிந்த முதியவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் ஓராண்டுக்குள் இறந்துபோகிறார். எலும்பு முறிந்ததால் மட்டும் அல்ல, படுத்த படுக்கையானதால் வரும் தொல்லைகளாலும்தான். கிருஷ்ணகிரியில் 2022-லிருந்து அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் கையோடு எடுத்துப் போங்கள்.

உங்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. என் தாயார் விழுந்தபோது நாங்களும் எண்ணெய்க் கட்டுப் போட்டுப் பன்னிரண்டு நாள் காத்திருந்தோம். நான் பட்டம் படித்து அரசு வேலையில் இருந்தவள். வயலில் ஒரு செடி வாடினால் அன்றே வேரைப் பிடுங்கிப் பார்க்கிற நான், அம்மா வலியில் முனகும்போது ஆபரேஷன் என்றதும் பயந்து தள்ளிப்போட்டேன். அப்புறம் அவர் எழுந்து நடக்கவே இல்லை. உங்கள் மாமியார் நாலு அடி நடக்கிறார் என்று படித்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது.

உங்களுக்கு

சொந்தக்காரர்களுக்கு இதைச் சொல்லுங்கள். சுமை தூக்கியதும் நடந்ததும் குனிந்து நிமிர்ந்ததும் அவருடைய எலும்பைக் காத்த வேலைகள். பாரம் விழுந்தால்தான் எலும்பு உறுதியாகும். வேலை செய்யாமல் உட்கார வைத்திருந்தால் இன்னும் முன்பே முறிந்திருக்கலாம். வேலை தவறில்லை. இருட்டும் ஈரத் தரையும்தான் தவறு.

இனி செய்ய வேண்டியது மூன்று. அவரை உட்கார வைத்துவிடாதீர்கள், மருத்துவர் சொன்னபடி தினமும் நடக்கட்டும். ஒரு தடவை முறிந்தவருக்கு மறுபக்கமும் முறியும் வாய்ப்பு அதிகம். ஆகவே எலும்பை உறுதியாக்கும் மருந்து தேவையா என்று மருத்துவரிடம் நீங்களே கேளுங்கள். பல இடங்களில் ஆபரேஷனோடு விட்டுவிடுகிறார்கள். மூன்றாவது சாப்பாடு. தினம் ஒரு வேளை முளைகட்டிய கேழ்வரகில் களியோ புளித்த கூழோ, முருங்கைக்கீரை, எள்ளுத் துவையல், ஒரு முட்டை அல்லது ஒரு கிண்ணம் பருப்பு, சொசைட்டிக்கு ஊற்றும் முன் இரண்டு டம்ளர் பால். இரண்டு டம்ளர் பாலில் 450 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. காலை பத்து மணிக்குமேல் கையும் முகமும் வெயிலில் படும்படி அரை மணி நேரம் திண்ணையில் உட்காரட்டும்.

அந்தப் பாலை அவருக்கு ஊற்றும்போது உங்களுக்கும் ஒரு டம்ளர் ஊற்றிக்கொள்ளுங்கள். இப்போது அந்தக் கொட்டகைக்கு விடியற்காலையில் போவது நீங்கள்தான்.

கேள்வி: எனக்கு 52 வயது. மூட்டு வலிக்கிறது என்று மருந்துக் கடையில் கால்சியம் மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறேன். தொடரலாமா?

– ஒரு வாசகி, ஊத்தங்கரை

பதில்: மூட்டுவலிக்கும் எலும்பு மெலிவதற்கும் நேரடித் தொடர்பு இல்லை. மூட்டு தேய்வது வேறு நோய். முதலில் சாப்பாட்டிலிருந்து கால்சியத்தைப் பெறப் பாருங்கள். போதாத மீதிக்குத்தான் மாத்திரை, அதுவும் மருத்துவர் சொன்ன அளவுக்கு. சிறுநீரகத்தில் கல் வந்தவர்கள் கட்டாயம் கேட்டுவிட்டுத்தான் சாப்பிட வேண்டும். ரத்தச்சோகைக்கான இரும்புச் சத்து மாத்திரையையும் கால்சியத்தையும் ஒரே நேரத்தில் விழுங்காதீர்கள், ஒன்று காலை, ஒன்று இரவு என்று வைத்துக்கொள்ளுங்கள். தைராய்டு மாத்திரைக்கும் கால்சியத்துக்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். வாரம் ஒருமுறை சாப்பிடும் வைட்டமின் டி மருந்தைத் தினமும் சாப்பிட்டுவிட்டால் அது கெடுதல்.

கேள்வி: எங்கள் தோட்டத்துப் போர் தண்ணீரைத்தான் குடிக்கிறோம். காய்ச்சிக் குடித்தால் ஃபுளோரைடு போய்விடுமா?

– ஒரு விவசாயி, போச்சம்பள்ளி

பதில்: போகாது. காய்ச்சினால் கிருமி சாகும். தண்ணீர் ஆவியாகிக் குறைவதால் மிச்சம் இருக்கும் தண்ணீரில் ஃபுளோரைடின் அளவு சற்றுக் கூடத்தான் செய்யும். முதலில் பரிசோதனை செய்யுங்கள். சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலில், மோட்டார் ஐந்து நிமிடம் ஓடிய பிறகு தண்ணீர் பிடித்து, குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுங்கள். மண் பரிசோதனைக்கு வரும் பலர் பாசனத் தண்ணீரைக் கொண்டுவருகிறார்கள். அதில் உப்பும் கார அமிலத் தன்மையும்தான் பார்ப்பார்கள். ஃபுளோரைடு பார்க்க வேண்டும் என்று தனியாகக் கேளுங்கள். அளவு 1.5-ஐத் தாண்டினால் அந்தத் தண்ணீரைக் குடிக்கவும் சமைக்கவும் பயன்படுத்தாதீர்கள். ஒகேனக்கல் இணைப்பு இல்லையென்றால் ஊராட்சியில் மனு கொடுங்கள். மழைநீரைக் கூரையிலிருந்து பிடித்துத் தொட்டியில் சேமித்தாலும் சமையலுக்கு ஆகும்.

அடுத்த இதழில் மாம்பூ பாதுகாப்பு பற்றிய கேள்விகளுக்குப் பதில் சொல்கிறேன். அதற்குள் இன்று மாலை ஒருமுறை உங்கள் கொட்டகைக்குப் போய், விளக்கை அணைத்துவிட்டு, உங்கள் அம்மா நடக்கும் வழியில் நடந்து பாருங்கள்.